குடியிருப்போர் எண்ணிக்கை

நைஃப் ரோட்டில்
பூட்டுக் கடைக்கும் பர்தாக் கடைக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலத்தில் டைப்பிங் சென்டர்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி.
பலதியா ஒரு வரி எழுதினால்
மறுநாள் வாசலில் பதினைந்து பேர்.
மறைப்பானேன்,
சட்டம் மாறுகிற மாதம்தான்
கீழக்கரைக்கு நான் கூடுதலாக அனுப்புகிற மாதம்.

இந்தமுறை சுற்றறிக்கை இரண்டு பக்கம்.
வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்தில்
கோபம் தெரிவதில்லை.
தலைக்கு இத்தனை சதுர மீட்டர்,
பலகைத் தடுப்பு கூடாது,
சமையலறையில் கட்டில் கூடாது.
தமிழ்ல சொல்லுங்க பாய் என்றான் தங்கமாரி.
சொன்னேன்:
உன் கட்டில் இல்லை.

போன கோடையில் நாலாம் மாடியில் தீப்பிடித்தபோது
தடுப்புகளுக்குள் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல்
பீர் ஒலியின் வலது கை வெந்தது.
சட்டம் பொய் சொல்லவில்லை.
சிக்கலே அதுதான்.

முதலில் விழுந்தது எல்லய்யாவின் லாண்டரி.
அவனுக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லை.
இரண்டு பக்கத்தில் எங்கேயும்
லாண்டரி என்ற சொல்லே கிடையாது.
மேலே இருந்த இருநூறு சட்டைகள்
சோனாப்பூருக்கும் சார்ஜாவுக்கும் பஸ் ஏறிப் போய்விட்டன,
அவ்வளவே.
காசு கொடுக்காமல் போனவர்களின் பேண்டுகள்
கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் தொங்குகின்றன,
மடிப்புக் கலையாமல்.

அப்புறம் பார்க்கிங் மீட்டர்.
மொய்தூட்டியின் கடையில் சாயா ஒரு திர்ஹம்.
அதைக் குடிக்க நிறுத்துகிற வண்டிக்கு நாலு திர்ஹம்.
ஹாரன் அடித்தால் ஓடிவந்து நீட்டும் பையன்
ஹாரனுக்காகக் காது கொடுத்து நிற்கிறான்.
மொய்தூட்டி கணக்குப் போடுகிறார்,
பரோட்டாவைச் சின்னதாக்குகிறார்,
மறுபடி கணக்குப் போடுகிறார்.

பட்ஜெட் செய்தி
அவர் எனக்குச் சமோசா மடித்துக் கொடுத்த தாளில் வந்தது.
எண்ணெய் படாத இடத்தில் படித்தேன்: அழகுபடுத்தல்.
அடுத்த வாரம் லாரியில் படுத்தபடி வந்து இறங்கின
நாற்பத்தொரு பேரீச்சை மரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் சொட்டுநீர்க் குழாய்,
இடுப்பில் எண் பொறித்த தகடு,
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே
அளந்து விட்ட இடைவெளி.
பொறாமைப்படவில்லை என்று சொல்ல மாட்டேன்.
இந்தத் தெருவில் காகிதம் சரியாக இருக்கிற
ஒரே குடும்பம் அது.

இரவு பதினொன்றரைக்கு வந்தார்கள்,
மரியாதையாகத்தான்.
காலணிக்கு மேல் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டு
டார்ச் அடித்துக் கட்டில்களை எண்ணினார்கள்.
எங்களில் ஏழு பேர் அப்போது மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
செல்போனை அணைத்துவிட்டு.
கீழே நெய்னா இருந்தேன்,
இன்னும் மூன்று பேர் தூங்குவதுபோல் கிடந்தார்கள்.
ஒருவனுக்கு உண்மையாகவே குறட்டை.

எழுநூறாக இருந்த கட்டில்
இப்போது ஆயிரத்து நூறு.
வாடகையைப் பற்றி
சுற்றறிக்கை வாய் திறக்கவில்லை.

அறுபத்தி மூன்று பேருக்கு அடித்துக் கொடுத்துவிட்டேன்.
இன்று கடை சாத்துகிற நேரத்தில்
எங்கள் அறையின் படிவம்.
பெயர், விசா எண், கட்டடம், தளம்.
அந்தக் கட்டத்தில் கர்சர் நின்று துடிக்கிறது.
நாலு போடு, நாலு போடு
என்கிறான் புரோக்கர் ஜர்னைல், பல் குத்திக்கொண்டே.

போட்டேன்.

பிறகு, பழக்க தோஷம்,
என் பெயருக்கே ரசீது கிழித்தேன்:
கட்டணம் முப்பது,
வரி ஒன்றரை.