உள்ளங்கையளவு

காலை எட்டரைக்குக் கணினி அறையைத் திறந்துவிடுவார்கள்.
நான்கு மேசை. மூன்று நாற்காலிக்குத்தான் சக்கரம் உண்டு.
மெர்வி ருசானென் முந்திப்போய் உட்காருவதில்லை,
நகராத நாற்காலியே அவளுக்குப் போதும்.

மணிக்கு ஒன்றரை யூரோ.
சிறைச் சலவைக்கூடத்திலும் அதே கூலிதான்,
ஆனால் இங்கே கை வெடிப்பதில்லை.

பழைய தீர்ப்புகளை வாக்கியம் வாக்கியமாக நறுக்கி
எஸ்போவிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பும்.
ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி:
இதில் வருத்தம் தெரிகிறதா?
ஆம். இல்லை. சொல்ல முடியாது.
அவள் அழுத்த அழுத்த
எங்கோ ஒரு நிரல்
வருந்துவது எப்படியிருக்கும் என்று கற்றுக்கொள்கிறது.
நாளைக்கு நீதிபதிகளுக்கு அது கைகொடுக்குமாம்.
யார்மோ சொன்னான். மேற்பார்வையாளன். நல்லவன்.
புதன்கிழமைகளில் ஏலக்காய் பன் கொண்டுவருவான்.

அழுதார்: ஆம்.
காயம்பட்டவருக்குக் கடிதம் எழுதினார்: ஆம்.
அந்தக் கடிதம் வக்கீல் எழுதியது என்று
அடுத்த வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார்:
இதற்குப் பொத்தானே வைக்கவில்லையே என்று
பக்கத்து மேசை ஸன்யா சிரித்தாள்.

பெயர்கள் இருக்காது. சட்டம் அப்படி.
பெயர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்,
ஊர் இருந்த இடத்தில் இன்னொன்று.
யாரும் யாரையும் அடையாளம் காணக் கூடாது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
நானூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம்:
"இறந்தவரின் மனைவி பேசிய நேரமெல்லாம் ■■■■
சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்."

கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது யார் என்று
மெர்விக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம்.
மைனஸ் பத்தொன்பது. பச்சைத் தொப்பிக்காரன் ஒருவன்
தன் காரின் முன்கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
சுரண்டியைக் கொண்டுவர மறந்தான் போல,
ஏதோ ஓர் அட்டையால்.
அவனுக்கு அவசரமே இல்லை.
நடுவில். இடது ஓரம். வலது ஓரம்.
வைப்பருக்கு அடியில் விரலை விட்டு.
பிறகு பின்கண்ணாடியையும், அதன் மூலைகளையும்.

அவள் அன்று சுரண்டியது உள்ளங்கையளவு.
எட்டு மணிக்குள் பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட வேண்டும்,
மிச்சம் போகப் போக உருகிவிடும்.
சைக்கிள் வந்தது
அந்த உள்ளங்கைக்கு வெளியே.

விதிமுறை சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது வரி:
வாக்கியத்தில் உள்ளதை வைத்து மட்டும் முடிவெடுங்கள்.
உங்களுக்கு வேறு வழியில் தெரிந்ததைச் சேர்க்காதீர்கள்.
வாக்கியத்தில் ஒரு சன்னல் இருந்தது.
சன்னலில் ஒருவரும் இல்லை.

யார்மோ எட்டிப் பார்த்தான்.
"ஒரு வாக்கியத்துக்குப் பதினொரு வினாடிதானே ஆகும் உனக்கு.
ஆறு நிமிஷமாய் இதிலேயே நிற்கிறாயே,
கணினி உறைந்துவிட்டதா?"
இல்லை என்றாள்.
அது அவன் கேட்டதற்கு.

திரை கேட்டதற்கு ஆம் என்று அழுத்தினாள்.
கை நடுங்கியதா என்பதெல்லாம்
பதிவில் ஏறாது. நேரம் மட்டும் ஏறும்.

ஒரே வாக்கியத்தை மூன்று பேருக்குக் காட்டுவார்கள்.
துர்க்குவில் ஒருவர், வாசாவில் ஒருவர்.
இல்லை. இல்லை.
இரண்டுக்கு ஒன்று. எஞ்சிய அந்த ஒன்றை
இரைச்சல் என்பார்கள் தரவு படித்தவர்கள்,
அதைக் கழித்துவிட்டுத்தான் பாடம் தொடங்கும்.
அந்த இருவர் மேலும் பிழை சொல்ல முடியாது.
அவர்களுக்கும் கிடைத்தது
உள்ளங்கையளவுக் கண்ணாடிதான்.

அடுத்தது வந்துவிட்டது.
யாரோ படகு மோட்டார் ஒன்றைத் திருடி,
கோடை முழுக்க ஏரியில் ஓட்டிவிட்டு,
இரவோடிரவாகத் திரும்ப வைத்திருக்கிறார்,
எண்ணெய் மாற்றி.
இதில் வருத்தம் தெரிகிறதா?

மெர்வி நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள். அது திரும்பாது.
எழுந்து நின்று கேட்டாள்:
"ஸன்யா, எண்ணெய் மாற்றியதை
நீ எதில் சேர்ப்பாய்?"