கட்டாயம் ஏதுமின்றி

பல்லடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் உள்மூலையில் என் மேசை.
பத்திரம் தமிழில் எழுதுவது வெள்ளியங்கிரி அண்ணன்.
சோலார் கம்பெனிக்கு அதை
இங்கிலீஷாக்கித் தருவது நான்.
பக்கத்துக்கு நூற்றைம்பது.

இன்றைக்கு ஒரு விடுதலைப் பத்திரம்.
நாலேகால் ஏக்கர், பிஏபி வாய்க்கால் பாசனம்,
கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு.
கருணாம்பிகை தன் தம்பிகள் இருவருக்கும்
'எவருடைய கட்டாயமும் தூண்டுதலும் இன்றி.'

கட்டாயம் வந்த இடத்தில்
ஃபோர்ஸ் என்று அடித்தேன்.
எட்டு வருசமாக அடிக்கிற சொல்,
விரல் தானாகப் போகும்.
அப்படிப் போவதற்கும் இங்கிலீஷில் அதே சொல்தான்:
பழக்கத்தின் ஃபோர்ஸ்.

எங்கள் பக்கம் அது வேறு வேலைக்கும் போகும்.
ஆயிரத்திருநூறு அடி ஓட்டியும்
தண்ணி ஃபோர்ஸ் பத்தலைங்க என்பார்கள்.
ஒறம்பரை வீட்டில்
ஃபோர்ஸ் பண்ணாதீங்க என்று
இலைமேல் கையை விரிப்பார்கள்,
விரலிடுக்கில் ரசம் இறங்கும்.
சூலூர் ஏர்ஃபோர்ஸ் விமானம் தாழப் பறந்தால்
கடைக் கண்ணாடி நடுங்கும்.
விசைத்தறியில் மட்டும்
அதன் தமிழ்ச்சொல்
யார் காதிலும் விழாமல் ஓடுகிறது,
அத்தனை சத்தத்தில்.

கடைசி வரிக்கு வந்தேன்:
'இவ்விடுதலை இன்று முதல் அமலுக்கு வருகிறது.'
அமலுக்கும் அதே சொல்.
ஃபோர்ஸ் இல்லாமல் கொடுத்தது
ஃபோர்ஸுக்கு வருகிறது.
ஒரே தாள்; மேலே ஒன்று, கீழே ஒன்று.
மும்பையில் படிக்கிறவனுக்கு உறுத்துமோ?
கோயர்ஷன் என்று வக்கீல் சொல் ஒன்று உண்டு.
அடித்துப் பார்த்தேன். அழித்தேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
சோமனூரில் பாவு பிணைக்கிற வேலை.
யாரும் குரல் உயர்த்தவில்லை.
பெரியவன் இளநீர் வெட்டி வந்தான்.
சின்னவன் காரில் ஏசி போட்டு
உள்ள உக்காருக்கா என்றான்.
உனக்குப் போட்ட நகை, உனக்குச் செய்த சீர் என்று
ஒருவரும் கணக்குப் பேசவில்லை,
முப்பது வருசமாகப் பேசி முடித்தாயிற்று.
"ரெண்டு பேர் கல்யாணத்துக்கும்
நாந்தானுங்க இணைச்சீருக்கு நின்னது"
என்றார் என்னிடம்,
அதையும் பத்திரத்தில் சேர்க்கணுமா
என்று கேட்பதுபோல.

உள்ளே கேட்டார்கள்:
யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களாம்மா?
"அதெல்லாம் இல்லீங்க."

பச்சை வெளிச்சக் கண்ணாடியில் கட்டைவிரல்.
ஏறவில்லை.
முந்தானையில் துடைத்து வைத்தார். ஏறவில்லை.
இருபத்தாறு வருசம் நூல் முறுக்கி
ரேகை வழுவழுத்துக் கிடந்தது.
ஆள்காட்டி. இடது கை.
வரிசையில் பின்னால் நின்றவர்
கடிகாரம் பார்த்தார்.

கிளார்க் பையன் புதியவன், பொறுமைசாலி.
எழுந்து வந்து அவர் விரல்மேல்
தன் விரலை வைத்தான்.
"கொஞ்சம் ஃபோர்ஸா அழுத்துங்கம்மா."

"ஏறிருச்சுங்களா?"
கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் கேட்டார்.
"ஏறிருச்சுக்கா" என்றார்கள்
தம்பிகள் இருவரும் ஒன்றாக.

எனக்கு மூன்று பக்கம், நானூற்றைம்பது.
சின்னவன் ஐந்நூறாக நீட்டினான்.
சில்லறை தேடினேன்.
அட வெச்சுக்குங்க என்று
ஃபோர்ஸ் பண்ணினான்.

வைத்துக்கொண்டேன்.