ஆடி மாதத்து மண்டபம்

ஆடியில் கலியாணம் இல்லை.
இணுவில் மண்டபம் அரைவாடகைக்குக் கிடைத்தது.
"என்ன விசேஷம், தம்பி?" என்றார் மனேஜர்.
"ஒரு கை செய்யிறம்."
"ஆருக்கு?"
அண்ணாந்து காட்டினேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

எங்களுக்கு வேண்டியது அந்த மாபிள் தரை.
மூன்று காற்று மெத்தைகளில்
நாற்பத்தொரு கிலோ இயந்திரம்
ஒரு மயிரளவு உயரத்தில் மிதக்கும்.
கஜவதனன் சுண்டுவிரலால் தொட்டான்.
மணவறை வரைக்கும் போய் முட்டி நின்றது.

இதுதான் சிக்கல்.
மேலே சாய்ந்துகொள்ளச் சுவரில்லை.
திருகாணியைத் திருப்பினால்
திருகாணி அப்படியே இருக்கும்,
திருப்புகிறவன் சுழன்றுகொண்டு போவான்.
பதினேழு தரம் போனான்.
அடுக்கிவைத்த நாற்காலிகள் சரிந்தன.

இதற்கிடையில் கட்டுநாயக்காவில்
ஐந்து கிழமையாய் ஆறு மோட்டர்கள்.
'பயன்படுத்தும் இடம்' என்ற கட்டத்தில்
பூமிக்கு மேலே ஐந்நூறு கிலோமீற்றர் என்று எழுதியிருந்தேன்.
மாவட்டத்தைக் குறிப்பிடவும் என்று
திருப்பி அனுப்பினார்கள்.
யாழ்ப்பாணம் என்று எழுதினேன். விட்டார்கள்.

ஈயப்பற்று வைக்க வந்தவள் தவரஞ்சினி.
அதற்கு முன் ஆறு வருடம்
முகமாலை மணலில் குப்புறக் கிடந்து
மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தவள்.
பதினேழாம் தரம் நாற்காலிகளை நிமிர்த்தும்போது சொன்னாள்:
"உங்கட ஆள் தொடேக்கையே தள்ளுறான்.
தொட்டவுடன நிக்கோணும்.
அது என்னெண்டு அது சொல்லும்.
பிறகு மற்றக் கையால பிடிச்சுக்கொண்டுதான்
வேலை."

அவளுடைய மணிக்கட்டில் உணரியைக் கட்டி
ஒரு பின்னேரம் முழுக்க அளந்தோம்.
நாங்கள் நினைத்திருந்த விசையில்
இருபதில் ஒரு பங்கும் இல்லை.
நிரலில் அந்த எண்ணுக்கு
உங்கள் பெயரை வைக்கலாமா என்று கேட்டோம்.
"பேர் கிடக்கட்டும்,
சம்பளத்தை இருபத்தைஞ்சாம் திகதி போடுங்கோ."

பதினெட்டாம் தரம்
கை போனது, தொட்டது, நின்றது.
அவ்வளவு நேரம் நின்றதில்
பழுதாகிவிட்டதென்றே நினைத்தேன்.
மற்றக் கை விளிம்பைப் பிடித்தது.
திருகாணி கால்சுற்று திரும்பியது.
உடம்பு அசையவில்லை.

கரண்ட் போனது.
கொம்பிரசர் மூச்சை விட,
மிதந்தது மெல்லத் தரையில் குந்தியது,
பிடித்த பிடியை விடாமல்.

இருட்டில் மனேஜரின் ரோச் லைட்.
"ஆவணி முதல் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை.
சனி விடியவே எல்லாத்தையும் எடுத்துப்போடுங்கோ."
ஓம் என்றேன்.

திருகாணியில் இன்னும்
மூன்றேமுக்கால் சுற்று.