ஏழாவது பொருள்

கழிவுநீர்க் குழாய்க்கும்
நாய் உரிமக் கட்டணத்துக்கும் நடுவே
ஏழாவதாக வந்தது அது:
இனவெறிக் கொலைகளுக்கு எதிராக
வாஷிங்டனில் தூங்கும் மசோதாவை
ஜார்ஜியாவின் இந்தச் சின்னக் கவுண்டியும்
ஆதரிக்கிறது.
ஒன்றரைப் பக்கம்.

"நம் கையில் என்ன இருக்கிறது இதில்?"
என்றார் கிளீட்டஸ் ஹாலவே.
"சட்டத்தை அவர்கள் பார்க்கட்டும்.
நாம் பாலத்தைப் பார்ப்போம்,
கைப்பிடி துருவேறிக் கிடக்கிறது."

பாலம் என்றதும்
ஒடெசா பெட்வே பையைத் திறந்தார்.
ஒரு நகல். இதே அவையின் குறிப்பேடு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, ஆகஸ்ட்.
அவசரமில்லாமல் வாசித்தார்:
"கயிறு, நாற்பது அடி, பாலத்துக்கு.
இரண்டு டாலர் பத்து சென்ட்.
ஆட்சேபம் இல்லை. நிறைவேறியது."

அந்த மாதம் பாலத்தில்
ஒரு மராமத்தும் நடக்கவில்லை.
யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
ஐசம் ட்ராட்டர். இருபத்திரண்டு வயது.
மர அறுவை ஆலையில் வேலை.
கூலி பாக்கியைக் கேட்டிருக்கிறான்.

குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
ஆதரவாக மூன்று கைகள். எதிர்த்து ஒன்று.
ஹாலவேயின் கை எதற்கும் எழவில்லை,
மூக்குக் கண்ணாடியைத்
துடைத்தபடியே இருந்தார்.

நான் எழுத்தர். எனக்கு ஓட்டில்லை.
ஒடெசா கொடுத்த நகலைப்
பக்கத்தில் வைத்துக்கொண்டு
தட்டச்சு செய்தேன்: நிறைவேறியது.
அதே சொல்.
வேறொன்று இருக்கிறதா என்று
ஒரு நிமிடம் தேடிப் பார்த்தேன்.
அதை அன்று எழுதியவருக்கு
எவ்வளவு அழகான கையெழுத்து.

எட்டாவது பொருள்: நாய்கள்.