அங்கே இன்னும் நேற்று

இரவு ஒன்பதரைக்கு எனக்கு வேலை ஏறும்.
சாக்கு விரித்து, மேலே கம்பளி,
மடியில் லெப்டொப்.
ஹப்புத்தளைக் குளிர் தகரத்திலிருந்து சொட்டச் சொட்ட
ஒரு தீவின் முன்மேசையில் உட்காருகிறேன்.

பதினாறு அறைகள். மீன்சோறு பத்து மணி வரை.
சறுக்குப் பலகை மணிக்கணக்கில் வாடகை.
அலை இன்று ஆறடி, தென்மேற்கிலிருந்து;
காற்று கரையிலிருந்து கடலுக்கு, நல்லது.
நான் கடலில் கால் வைத்தது ஒரே ஒருமுறை,
கதிர்காமம் போய்த் திரும்புகையில்.
பஸ்காரர் பத்து நிமிடம் தந்தார்.
செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமா, கேட்கிறார்கள்.
இருக்கும் என்று தட்டுகிறேன்,
காலுறைக்கு மேல் காலுறை.
நீயும் தினம் இறங்குவாயா?
விடிந்ததும், என்கிறேன்.
பொய்யில்லை. பீலிக்கு இறங்குகிறேன்.

முதலாளியின் பெயர் கை.
அவர்கள் மொழியில் கடல் என்று அர்த்தமாம்.
உன் மொழியில்? என்றார் நேர்முகத்தில்.
கெமராவுக்கு முன் விரித்துக் காட்டினேன்.
சிரித்தார். வேலை கிடைத்தது.
சுவருக்கு அந்தப்பக்கம் தூங்கும்
அண்ணியின் கையைக் காட்டவில்லை:
நாளுக்குப் பதினெட்டுக் கிலோ,
விரலிடுக்கில் தேசிக்காய்க்கும் போகாத கறுப்பு.

மழை விட்ட ஒரு ராத்திரி, மணி இரண்டு.
அங்கே காலை பத்தரை,
அதுவும் இன்னும் நேற்று.
நாலாம் அறைப் பெண் எழுதினாள்:
விடிய முன் இறங்கினார் கணவர்.
பலகை மட்டும் கரைக்கு வந்திருக்கிறது.
நீ கீழேதானே இருக்கிறாய், ஓடி வா.

கீழே.
எனக்குக் கீழே பதினோராம் நம்பர் மலை.
அதற்குக் கீழே இஸ்டோர்.
அதற்குக் கீழே வெறும் மூட்டம்.

கையை அழைத்தேன். படகில் இருப்பார், எடுக்கவில்லை.
கரைக்காவல் எண்ணை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றியது.
மூடுபனி இறங்கினால் எங்கள் லயத்துக்கு உலகம் கிடையாது.
தண்ணீர் டேங்கின் மேலே மட்டும் இரண்டு கோடு வரும்.

லெப்டொப்பைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஓடினேன்,
போன மாதம் சிறுத்தை நாயைத் தூக்கிய
அதே படிக்கட்டில்.
யார் அந்த மனிதர் எனக்கு?
டீட்ரிக். முட்டை ஒத்துக்கொள்ளாது.
ஜன்னலோரக் கட்டில் கேட்டவர்.
தெரிந்தது அவ்வளவே,
அவ்வளவுக்கு இப்படி மூச்சு வாங்கியது.

இரண்டு கோடு.
நீரோட்டம் இந்த நேரம் வடக்கே இழுக்கும்,
ஆற்றுவாயில் பாருங்கள் என்றேன்,
அதில் நீந்தி வளர்ந்தவள் மாதிரி.
மூன்று வருடம் அட்டவணை படித்தவள்.

நாற்பது நிமிடம்.

ஆற்றுவாயில்தான் இருந்தார்,
உதடு கிழிந்து,
யாரோ வெட்டிக் கொடுத்த இளநீரோடு.

மூட்டம் அப்போது ஓர் ஓரமாய்க் கிழிந்தது.
தெற்கே, பள்ளத்துக்கும் பள்ளத்தில், ஒரு பொட்டு வெளிச்சம்.
இங்கிருந்து அம்பாந்தோட்டை வெளிச்சவீடு தெரியும் என்பார்கள்.
லொறியாகவும் இருக்கலாம்.
எண்ணிப் பார்த்தேன். அணைந்தது அதுவா
என் இமையா, தெரியவில்லை.

வேலை இறங்கும் நேரத்தில் நாலாம் அறை நான்கு நட்சத்திரம் போட்டிருந்தது.
நல்ல இடம். நல்ல மீன்.
முன்மேசைப் பெண் சற்றுத் தாமதம்.

பெரட்டுக்குக் கிளம்பிய அண்ணி
கொங்காணியோடு வாசலில் நின்றாள்.
ராவுல எங்கடி போன?
ஒருத்தர் கடல்ல தொலைஞ்சிட்டாரு.
எந்தக் கடல்ல?
பதில் சொல்லுமுன் என் காலைப் பார்த்துவிட்டாள்.
கணுக்காலில் கொழுத்துத் தொங்கியது அட்டை.
உள்ளே போய் ஒரு கிள்ளு உப்பு எடுத்துவந்து
குனிந்து வைத்தாள்.
அது சுருண்டு விழும்வரை
இருவரும் பேசவில்லை.

கெடச்சாரா?
கெடச்சாரு.
அதுக்கு அரைப்பேராவது போடுவானுங்களா?