குருட்டு வாத்து

மதுக் கம்பெனி தந்த தாளில்
கடையின் பெயர் வெள்ளை அன்னம்.
ஸ்கார்வெல்லில் பேருந்தை விட்டிறங்கிக் கேட்டால்
அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார்கள்.
முப்பது வருஷத்து மழை
பலகையில் கழுத்தைக் கரைத்து, கண்ணைத் துடைத்துவிட
ஊர்வாயில் அது குருட்டு வாத்து.

வைத்துக்கொள்வதா, விற்றுத் தொலைப்பதா,
வாடிக்கையாளர் கருத்தைக் கேட்டு வா
என்று அனுப்பியிருந்தார்கள்.
கேள்விக்கு ஐந்து கட்டம்.
பென்சில் என்னுடையது.

"பீரா இது? கழுநீர். அதுவும் வெதுவெதுவென்று.
ஒன்று போடு."
ஜன்னலோர முக்காலியில் வில்ஃப் தாக்ரே.
எத்தனை நாளாக இப்படி?
"எழுபத்தொன்பதிலிருந்து."
சொன்ன கையோடு காலிக் கோப்பையை
மேடையில் இரண்டு தட்டுத் தட்டினார்,
இன்னொன்று வந்தது.

சூப்பைப் பற்றி
கோழி குளித்துவிட்டுப் போன தண்ணீர் என்று
மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

க்ளெண்டா ஆக்ஸ்டபி கழிப்பறைக்கு வந்தாள்.
அதாவது, அந்தக் கேள்விக்கு.
தாழ்ப்பாள் போய் இரண்டு வருஷம்.
உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்,
பாட்டு நின்றால் கதவு திறக்கும்.
யார் எதைப் பாடுவார் என்று ஊருக்கே தெரியும் என்றவள்
யாருடைய பாட்டு இப்போதெல்லாம் நீள்கிறது,
டாக்டர் என்ன சொன்னார் என்பதையும்
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

பூல் மேசை ஆற்றுப் பக்கம் சாய்வு.
உள்ளூர்ப் பையன்கள் ஐந்து போட்டார்கள்.
போன வாரம் தோற்ற வெளியூர்க்காரன் ஒருவன்
பூஜ்யம் எங்கே என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

உபசரிப்பு: டோரீன் பிக்கர்ஸ்கில்.
சிரிப்பாளா?
"கல்யாணத்தன்று சிரித்ததாக ஒரு பேச்சு உண்டு."
மூன்று நாள் தொடர்ந்து முகம் காட்டாதவர் வீட்டை
பாக்கி நோட்டோடு போய்த் தட்டுவாளாம்.
அப்படித்தான் பிப்ரவரியில்
மாடிப்படி அடியில் இடுப்பு முறிந்து கிடந்த
ஆம்ப்ரோஸ் லீத்தைக் கண்டது.
"ஆம்புலன்ஸ் வருமுன்னே
நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டாள், ராட்சசி.
எழுது, ஒன்று."
ஊன்றுகோல் அவளை நோக்கி நீண்டது.
அவள் அதன் நுனியில் துடைக்கும் துணியை மாட்டிவிட்டுப் போனாள்.

எதிர்ச் சாரியில், பேருந்து நிழற்குடையில்
நெவில் க்ராப்ட்ரீ.
கடிகாரத்தின் மேல் அம்பெறிந்ததற்காக
ஈஸ்டரிலிருந்து உள்ளே வரக்கூடாது.
எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்,
சூப்புக்குக்கூட.
தாளைத் திருப்பித் தரும்போது
"என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?" என்றார்.
இல்லை.
"கடிகாரம் ஓடுகிறதா?"

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்:
இந்தக் கடையை நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா?
மாட்டேன்.
மாட்டவே மாட்டேன்.
"பைத்தியமா? அவனும் வந்துவிட்டால்
நான் எங்கே உட்காருவது?"

கூட்டி வகுத்தேன். சராசரி இரண்டு புள்ளி ஒன்று.
கம்பெனிக்கு அது போதும்.
கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது.
டோரீன் கேட்காமலே ஒரு கோப்பையை நகர்த்தினாள்.
வெதுவெதுப்புதான்.
தாக்ரே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கோப்பைக்குப் பின்
தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவைத் தள்ளினேன்.
எனக்குப் பாட்டு வராது.
வாயில் வந்த ஏழாம் வாய்ப்பாட்டை
ராகம் போட்டு இழுத்தேன்.
ஏழாறு நாற்பத்திரண்டு, ஏழேழு நாற்பத்தொன்பது,
ஏழெட்டு ஐம்பத்தெட்டு...

"ஆறு! ஐம்பத்தாறு!" என்று
கடை முழுக்க ஒரே குரலில் கத்தியது.
அதற்குள் யாரோ எனக்கு ஒன்று போட்டார்கள்,
யாரோ ஒன்றரை.

ஒரு கையால் கதவைப் பிடித்தபடி
முதலிலிருந்து தொடங்கினேன்.
அந்தச் சராசரியையும்
இன்னொரு முறை கூட்டிப் பார்க்கவேண்டும்.