அணைந்த நேரங்கள்

நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை.
பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில்
எழுந்து போனது மாதிரி
அணைந்தது.

நான் காது கேளாதோருக்கு வசனவரி எழுதுகிறவள்.
ஜாக்ரெபில், மூன்றாம் மாடியில்,
நிலநடுக்கம் விட்டுப்போன விரிசலுக்குக் கீழே என் மேசை.
"தொலைவில் நாய் குரைக்கிறது" என்று தட்டி
சேமிப்பதற்குள் நாயும் போயிற்று.

ஸ்லாவ்கோ, என் தங்கை கணவர்,
போனிலேயே தீர்ப்புச் சொன்னார்:
பவர் சப்ளை. மாற்று, நெவென்கா.
கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே
மதர்போர்டு என்றார். இருநூற்றுப் பத்து யூரோ.
இருவரில் ஒருவர் சரியாக இருக்கலாம்.
இருவருமே தவறென்றால்
மூன்றாவதாக எதை வாங்குவது?

கட்டம் போட்ட நோட்டு ஒன்று எடுத்தேன்.

செவ்வாய் 5:42. மூன்றாம் பாகம் ஓடுகிறது. சூடு ஐம்பத்தொன்று.
செவ்வாய் 6:06. உலாவி மட்டும்.
புதன் 5:42. நான் அங்கே இல்லை, ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
ஞாயிறு: ஒன்றுமில்லை.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் தொடு.
இந்த விரதம் சோற்று விரதத்தைவிடக் கடினம்.
கை எல்லாவற்றையும் பிடுங்கி எறியத் துடிக்கும்.

தூசியை ஊதினேன்.
விசிறிக்குள் சாம்பல் நிறத்தில் பூனை முடி;
பூனை போய் இரண்டு வருடம்.
சிறிது நேரம் ஊதாமல் இருந்தேன்.

இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றினேன். அணைந்தது.
அதைப் போட்டு மற்றதைக் கழற்றினேன். அணைந்தது.
ஸ்லாவ்கோவின் மகனிடம் பவர் சப்ளை இரவல் வாங்கினேன்,
புது வாசனைகூடப் போகாதது.
5:42. அணைந்தது.
(ஸ்லாவ்கோவிடம் இதை நான் கொஞ்சம்
மகிழ்ச்சியோடுதான் சொன்னேன்.)

நள்ளிரவில் நினைவகச் சோதனையை ஓடவிட்டுப் படுத்தேன்.
விடியும்வரை நான்கு சுற்று. பிழை: பூஜ்யம்.
இரவில் யோக்கியன், மாலையில் திருடன்.
அப்படியென்றால் மாலையில் என்ன இருக்கிறது,
இரவில் இல்லாதது?

ஒன்பதாம் நாள் வேலை செய்யவில்லை.
பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்தேன்,
காய்ச்சல் பார்க்கிறவள் மாதிரி.
5:41.
கீழே தெருவில் இரண்டு டிராம்கள்
ஒன்றையொன்று கடந்தன.
அலமாரியில் கோப்பைகள் கலகலத்தன.
உள்ளங்கையில் ஒரு நடுக்கம் ஏறியது.
திரை கறுத்தது.

பதினோரு வருடமாக ஊரார் படங்களின்
ஒவ்வொரு முனகலையும் எழுதுகிறேன்.
"கோப்பைகள் அதிர்கின்றன" என்று
என் வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை.
எங்கள் தெருவில் இரவு டிராம் கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை அவை கடக்கும் இடம் வேறு.

பெட்டியைப் படுக்கவைத்து
ஒன்பது திருகாணிகளைக் கழற்றி
மதர்போர்டைத் தூக்கினேன்.
பின்னால், தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே,
பத்தாவது.

அது யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.
நாலு வருடம் முன்பு இதைப் பூட்டியபோது
டிங் என்று விழுந்தது; கம்பளத்தில் தேடினேன்;
கிடைக்கவில்லை; வேறொன்றைப் போட்டேன்.
இத்தனை நாள் எங்கே ஒதுங்கியிருந்தது,
மார்ச்சில் மேசையை ஜன்னலோரம் நான் நகர்த்தியபோது
எப்படி உருண்டு வந்தது, எனக்குத் தெரியாது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
பாவம் என்னிடம்தான் இருந்தது,
எள்ளுக்குச் சற்றுப் பெரிதாக.

அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன்.
இரவல் திருப்பிக் கொடுத்தேன்.
"எதற்கும் புதுசு ஒன்று வாங்கிவை" என்றார் ஸ்லாவ்கோ.

இன்று மாலை டிராம்கள் கடந்தன.
கோப்பைகள் கலகலத்தன.
திரையில் கோடு சிமிட்டிக்கொண்டே இருந்தது.
என் விரல் மட்டும், இன்னும் நம்பாமல்,
சேமி, சேமி என்று
அழுத்திக்கொண்டிருந்தது.